கூரை கேட்காத சாமி

எங்கள் குலசாமிக்குக் கூரை கிடையாது. அன்னவாசலிலிருந்து பிரிந்து போகும் சாலையில், கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில், உசிலை மரத்தடியில் நட்டுவைத்த ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம். அவ்வளவுதான் முனியய்யா. வெயிலும் மழையும் தன் தலையில் விழ வேண்டும் என்பது அவர் உத்தரவாம். பூசாரியும் கிடையாது. பங்காளிகள் முறை வைத்து விளக்குப் போடுவார்கள். கும்பிட வருகிறவர் கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து, தன் கையாலேயே கல்லின் தலையில் ஊற்றி, தன் கையாலேயே திருநீறு பூச வேண்டும். நமக்காக இன்னொருவர் ஊற்றினால் அது கணக்கில் சேராது.

நான் பெரிய பக்திமான் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. பருப்பில் வண்டு இருக்கிறதா, முட்டை அழுகியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே என் காலைப்பொழுது போய்விடும். நகைக்கடை விளம்பரம் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிற ஆள்தான் நானும். நாலு கடை ஏறி இறங்காமல் சேலை எடுக்க மாட்டேன். எனக்கு ஆசையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் முனியய்யா விஷயம் வேறு. என் வீட்டுக்காரர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஓரமாக உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். வளைகாப்பு என்றால் பந்தி விசாரிக்கக் கூப்பிடுவார்கள், வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். நிச்சயதார்த்தத்தில் தட்டுத் தூக்குகிற வரிசைப் பக்கம் போனால் யாராவது ஒரு சின்னம்மா வந்து, "ஆத்தா, அங்கிட்டு காப்பி கேக்குறாக, கொஞ்சம் பாரேன்" என்பாள். காப்பியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி வெந்துபோய் ஒரு வெள்ளிக்கிழமை குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். அன்றைக்கு விளக்கு முறை பெரியப்பா ஒருவருக்கு. அவரைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டேன். இங்கேயும் ஏதாவது காப்பி கேட்கிறார்களோ என்னவோ.

"என்னத்தா நிக்கிற? ஊத்து" என்றார், திரியை நிமிண்டிக்கொண்டே.

ஊற்றினேன். கல் கொதித்துப்போய் இருந்தது. வழிந்த தண்ணீரை, பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல, உள்ளங்கையால் துடைத்துவிட்டேன். அன்றைக்கு அழுத அழுகையை நான் ஜெகதாப்பட்டினத்தில்கூட அழவில்லை. என்னைத் தள்ளிப் போகச் சொல்லாத இடம் என்று எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு வெள்ளி தவறாமல் போய் ஊற்றிவிட்டு வருவேன். வரம் எதுவும் கேட்டதில்லை.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லை. சிங்கப்பூரில் வெயிலில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தவன். திரும்பி வந்து ஜேசிபி வாங்கினான், பிறகு நிலம் வாங்கி விற்க ஆரம்பித்தான். என் மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்தவனும் அவன்தான். கையில் காசு சேரச் சேர நெற்றியில் பட்டையும் அகலமாகிக்கொண்டே வந்தது. கழுத்தில் ருத்திராட்சம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில், பற்றையெல்லாம் விடச் சொல்லி ஒரு சாமி படம் அனுப்புவான். பின்னாலேயே மனை விற்பனைப் படம் வரும், உடனடிப் பத்திரப்பதிவு வசதியோடு. இரண்டையும் அனுப்புவது ஒரே கட்டைவிரல்தான்.

கண்மாய்க் கரைப் பொட்டலைச் சுற்றி அவன் நிலம் வாங்கியது எனக்குத் தெரியும். மனைக்கல் நட்டு, கலர் அடித்து, தெருவுக்கெல்லாம் பெயர்கூட வைத்திருந்தான். ஆனால் மனை போகவில்லை. பொட்டலில் யார் வந்து வீடு கட்டுவார்கள்? அப்போதுதான் அவனுக்கு முனியய்யா வெயிலில் காய்வது கண்ணில் பட்டது.

பங்காளிகளைக் கூட்டினான். "நாமெல்லாம் ஏசி போட்டுத் தூங்குறோம். நம்மளக் காக்குற சாமி மழையில நனையுது. மனசு கேக்கல சித்தப்பா" என்று சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய் என்றால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அது நிஜம். மனை விற்க வேண்டும் என்ற எண்ணமும் நிஜம். இரண்டும் ஒரே நெஞ்சில் சண்டை போடாமல் குடியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கருவறை, கோபுரம், ரோட்டில் அலங்கார வளைவு என்று படம் போட்டே கொண்டுவந்திருந்தான். "கூரை கூடாதுன்னுதானே சாமி உத்தரவு" என்றேன்.

"நீ கட்டிக்குடுத்த பிள்ள. ஒனக்கு இதுல பேச்சு கெடையாது" என்றார் ஒரு சித்தப்பா. கோயில் வரி கொடுக்கிற உரிமை இல்லாதவளுக்கு வாய் எதற்கு.

பெரியப்பாதான், "எதுக்குடா சண்ட? சாமிகிட்டயே பூ கேட்டுருவோம்" என்றார். எங்கள் வழக்கம் அது. வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டிக் கல்லின் முன்னால் போட்டுவிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

சிவப்பு வந்தது.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தம்பி கொஞ்ச நேரம் பூவையே பார்த்தான். "சாமி கோவமா இருக்கு. இத்தன வருசம் கூரையில்லாமப் போட்டு வச்சிருந்தோம்ல, அந்தக் கோவம்" என்றான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பொங்கல் வைத்துச் சாந்தி செய்துவிட்டு மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. வந்திருந்தவர்களில் யாரோ கறி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவானது. யார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் முறை கேட்டார்கள். வெள்ளை வந்தது. வந்த வெள்ளைக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. உடனே லட்டு கொடுத்தார்கள், பெட்டி தயாராக வண்டியில்தான் இருந்தது. நச்சரித்துக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்களே 'என்னமோ பண்ணித் தொலைங்க' என்று விட்டுவிடுவார்கள். முனியய்யாவும் அப்படித்தான் விட்டிருப்பார்.

உசிலை மரம் ஒரே காலையில் போய்விட்டது. வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும் என்றார்கள். கல்லுக்குப் பித்தளைக் கவசம் செய்தார்கள். சுற்றிலும் சுவர், கிரானைட் தரை, முன்னால் கிரில் கதவு, அதற்கொரு பூட்டு. ரோட்டு வளைவில் சாமி பெயரைவிடத் தம்பியின் பெயர் ஒரு சுற்றுப் பெரிது.

குடமுழுக்குக்கு முதல் நாள் எண்ணெய்க்காப்பு. மறுநாளிலிருந்து, பூசைக்கென்று புதிதாக அமர்த்திய குருக்களைத் தவிர யாரும் கருவறைக்குள் போகக்கூடாது. அதனால் இந்த ஒரு நாள் மட்டும் ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாமியின் மேல் தன் கையால் எண்ணெய் பூசலாம். குருக்கள் மைக்கில் தெளிவாகத்தான் சொன்னார்: "ஆண், பெண், பெரியவா, சின்னவா, எல்லாரும் வரலாம்." நான் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இனி ஜென்மத்துக்கும் தொட முடியாது என்று தெரிந்ததால் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். பட்டுவேட்டி, பட்டுச்சேலை. மனை பார்க்க வந்த குடும்பங்களும் அதில் உண்டு, தம்பி ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். நாற்காலி வரிசையில் பெரியப்பா பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கதவை நெருங்கும்போது தம்பி என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தி, சிரித்த முகமாகவே பேசினான்.

"அக்கா, எல்லாரும் தம்பதியா வாராக. வீடியோ வேற எடுக்குறாங்க. கிண்ணத்தக் குடு, நானே ஒனக்கும் சேத்துப் பூசிடுறேன்."

"குருக்கள் எல்லாரும் வரலாம்னாரே."

"அவரு சொல்லுவாரு. நாலு பேரு பாக்குற எடம் அக்கா. நல்ல காரியம்."

கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. அவனாகவே என் விரல்களிலிருந்து எடுத்தான், மெதுவாக, வலிக்காமல். பின்னால் நின்ற ஜோடி என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. செருப்பை எங்கே விட்டேன் என்றுகூடத் தேடாமல் வெறுங்காலோடு, சாலை பிரிகிற இடத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். மறுநாள் ஆகாயத்திலிருந்து ட்ரோன் பூத் தூவியதாம். வீடியோ அனுப்பியிருந்தான். பார்க்கவில்லை.

இப்போது பொட்டல் பொட்டலாக இல்லை. பஸ் கோயில் வாசலிலேயே நிற்கிறது. வீடுகள் எழும்புகின்றன. பங்காளிகள் எல்லோருக்கும் அவன்தான் தலைவன். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில் துணி துவைக்கிறேன். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஊரில் இத்தனை பேர் என்னை ஓரம் கட்டினார்கள், பொறுத்துக்கொண்டேன். ஓரம் கட்டாத அந்த ஒருத்தரையும் பிடித்து, கவசம் போட்டுப் பூட்டியவன் என் கூடப்பிறந்தவன்.

போன வாரம் போன் செய்தான். குரலில் அத்தனை பாசம்.

"அக்கா, ஒனக்குன்னு ஒரு மனை ஒதுக்கி வச்சிருக்கேன். கோயிலுக்கு நேர் எதிர. கதவத் தொறந்தா சாமி தெரியும். வெளியாளுக்கு அந்த வரிசைக்குத் தனி ரேட்டு. ஒனக்குச் சும்மாவே எழுதித் தாரேன்."

"சாமியப் பாக்கணும்னு ஒங்கிட்ட எப்படா கேட்டேன்? தொட விட்டியா நீ?" என்றேன்.

பக்கத்தில் இருந்த யாரிடமோ 'இருங்க' என்று சொல்லிவிட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அதான் ஒனக்கும் சேத்துப் பூசினேனே அக்கா" என்றான். "சரி, அத விடு. கார்னர் மனை. நாளைக்குள்ள சொல்லிடு, வேற பார்ட்டி கேக்குறாங்க."