கடை விலாசம்

புதிதாகத் தெரிவான நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஒரு வைத்தியர், இரண்டு சட்டத்தரணிகள், ஒரு விரிவுரையாளர், முச்சக்கரவண்டி ஓட்டியவரின் மகன். ஆறாவது படம் அவளுடையது. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகள், லய அறையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு என்று கீழே போட்டிருந்தார்கள். முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்தேன். சந்தோஷத்தில் வெட்டினேனா, தேவைப்படும் என்று வெட்டினேனா? இரண்டாவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தேவை இருந்தது. என் மகளுக்கு ஜனவரியில் முதலாம் வகுப்பு. அந்தப் படத்தில் இருந்தவளும் நானும் படித்த நகரப் பாடசாலையில் என் மகளுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

காரணம் விலாசம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசில் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் நகரத்துப் பலசரக்குக் கடையின் விலாசத்தைக் கொடுப்பதுதான் எங்களுக்கு வழக்கம். சாமான் வாங்கப் போகும்போது முதலாளி கடிதத்தை எடுத்துத் தருவார். கடை பாடசாலையின் எல்லைக்குள் இருக்கிறது, லயம் இல்லை. ஆகவே பிள்ளைகளைச் சேர்க்கவும் அதே விலாசம்தான். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று முதலாளி எழுதிக் கொடுப்பார். ஒரு கடைக்கு மேலே இத்தனை குடும்பங்கள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

லயத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். என் மகளுடையதோடு நான்கு விண்ணப்பங்களை நானே நிரப்பினேன். நேர்முகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மற்ற மூன்று தாய்மாருக்கும் பழக்கிவிட்டேன். அதிபர், "கடைக்கு மேலயா இருக்கீங்க?" என்று கேட்டார். மூவரும், "ஆமாங்க சேர்" என்றார்கள். என்னிடம் கேட்டபோது, "இல்லைங்க சேர், லயத்துல. கடிதம் மட்டுந்தான் அங்க வரும்" என்றேன். படித்தவள் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேனா, உண்மையைச் சொன்னதற்காக இரங்குவார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவர் என் மகளின் விண்ணப்பத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தார். பட்டியலில் மற்ற மூன்று பெயர்களும் வந்தன.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி என் காதில் விழும்படி சொன்னாள்: "எங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க பெயிலு. நாங்க பாஸு. எம் புள்ளைக்கு டை கூட வாங்கியாச்சு."

அந்த வாரம் பாடசாலையில் புதிய உறுப்பினருக்குப் பாராட்டு விழா. விண்ணப்பப் பைலோடு போனேன். மாலையும் பொட்டுமாக மேடையிலிருந்து இறங்கி வந்தவள் என்னைக் கண்டுகொண்டாள்.

"வாங்க, எப்படி இருக்கீங்க?"

பதினொரு வருடம் என்னை "ஏய்" என்று கூப்பிட்டவள். நானும் "நீங்க" போட்டேன். "மகள சேக்கணும். நீங்க ஒரு கடிதம் குடுத்தா போதுங்க."

"கடிதம் குடுக்கிற பழக்கத்தையே நாங்க நிப்பாட்டிட்டோம். எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"நீ மட்டும் எப்படிச் சேந்த?" என்றேன். "அதே கடை விலாசந்தானே? உங்கம்மா முதலாளி வீட்டுல எச்சித் தட்டு கழுவினாங்கன்னுதானே அவரு எழுதிக் குடுத்தாரு?"

அவளுடைய அம்மா முன்வரிசையில் புதுச் சேலையில் இருந்தார். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அதிபர் பக்கத்திலேயே நிற்பது தெரிந்தும், "இந்த வருசமும் மூணு புள்ளைங்க அந்த விலாசத்துலதான்" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. மைக்கில் பேசும் குரலிலேயே சொன்னாள்: "ஆமா, பொய்தான். எங்கம்மா தட்டு கழுவி வாங்கின பொய். இனி ஒரு தாயும் அதுக்காகத் தட்டு கழுவக் கூடாது. சேர், அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. ஹரி நே?" சரிதானே என்று கடைசியில் சிங்களத்தில் கேட்டாள்.

"ஹரி, ஹரி" என்றார் அதிபர். எல்லோரும் கைதட்டினார்கள்.

திருத்திய பட்டியலில் அந்த மூன்று பெயர்களும் இல்லை. என் மகளின் பெயரும் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

ஜனவரியில் நான்கு பேரும் தோட்டப் பாடசாலைக்குத்தான் புறப்பட்டார்கள். முதல் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரியின் மகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் நகரப் பாடசாலையின் டை, கடைத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. உங்க பாப்பா போடட்டுமாம்."

வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் என் மகள் அதற்குள் தாளைக் கிழித்துவிட்டாள். "கட்டி விடுங்கம்மா, கட்டி விடுங்க" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் முழங்காலிட்டு முடிச்சைப் போட்டேன்.