நிறுத்த முடியாத மோட்டார்

நானே கண்டவற்றையும், உடனிருந்த தாய்மாமனிடம் பின்னர் கேட்டு உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதே அந்த ஆண்டுகளில் எங்கள் வேலை. அதைப் பற்றி எழுதும்போது ஊகத்துக்கு இடங்கொடுப்பது முறையன்று.

எண்பதுகளின் நடுவில், தொலைவிலிருந்த ஓர் அணுவுலையருகே சிறிய கருவி ஒன்றை வைத்து உலையிலிருந்து வெளிவரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை, கருவியில் அவை எழுப்பும் மின்துடிப்புகளைக் கொண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். வரவேண்டியதைவிடக் குறைவாகவே வந்தன. குறைந்தவை, எப்பொருளோடும் வினைபுரியாத வேறொரு வகையாக மாறி நழுவியிருக்கலாம். அல்லது, உலையோடு தொடர்பில்லாத போலித் துடிப்புகள் என்று மொத்த எண்ணிக்கையிலிருந்து நாங்கள் அளவுக்கு மீறிக் கழித்திருக்கலாம். உலை நின்றிருக்கும்போது எண்ணினால் போலித் துடிப்புகள் மட்டுமே எஞ்சும்; ஆனால் உலையை எங்களுக்காக நிறுத்தமாட்டார்கள். போலித் துடிப்புகளின் அளவை வேறு வழியில் காட்டாவிட்டால், தந்த இடத்தையும் திரும்பப் பெறுவதாக உலையினர் சொல்லிவிட்டனர்.

கம்பம் ஊருக்கு மேலே, மலைக்குள் தோண்டிய நீர்மின்திட்டச் சுரங்கம் ஒன்றில் மாமா நீரிறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானிலிருந்து வந்து போலித் துடிப்புகளை எழுப்பும் கதிர்களை மலை தடுத்துவிடும் என்று எண்ணி, கருவியின் ஒரு பகுதியை ஓடைப்பட்டித் திராட்சைப் பெட்டியில் வைக்கோல் பொதிந்து அங்கே கொண்டுபோனேன். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் மின்னிரைச்சலால் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது.

"மாமா, மோட்டாரக் கொஞ்சம் நிறுத்துங்க. அரை நாள் போதும்."

"அரை நாளா? தண்ணி ஏறி உம் பொட்டி மெதக்கும். எஞ்சினியர் வந்தாகன்னா என்னையும் சேத்து வெளிய எறிஞ்சிருவாக. ஏலே, கண்ணுக்கே தெரியாதத எண்ணுறேங்கிற, இம்புட்டுப் பெரிய மோட்டாரக் கழிச்சு எண்ணத் தெரியலையா?"

கழிக்கத் தெரிந்திருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். ஆட்கள் சாப்பிடப் போகும் வேளையில் மட்டும் நிறுத்த மாமா சம்மதித்தார். எண்ணிக்கை குறைந்தது; எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. எஞ்சிய துடிப்புகள் பாறையிலிருந்து வருகின்றனவா, கருவியிலிருந்தே வருகின்றனவா என்றறிய, பாறையின் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கட்டிகளால் பெட்டியை மூட வேண்டும். ஈயம் முழுவதும் உலையருகே இருந்தது.

மலையிறங்கி அல்லிநகரத்துக்கு வந்து, தொலைபேசியில் டிரங்க் கால் போட்டு, உலையருகே இருந்த எங்கள் குழுத் தலைவரிடம் ஈயம் கேட்டேன்.

"ஈயத்தை எடுத்தா இங்க எண்ணுறதெல்லாம் கெட்டுப்போகும். இருக்கறத வச்சு ஓர் எண் சொல்லுங்க," என்றார்.

"பாறைக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவுன்னு பிரிக்காம எப்படிச் சொல்றதுங்க ஐயா?"

"அப்ப இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்."

நான் எண் சொல்லவில்லை. அடுத்த மாதம் உலையருகே இருந்த கருவியைக் கழற்றி இடத்தைக் காலிசெய்தோம். அந்தக் குறைவு நியூட்ரினோக்கள் மாறியதால் நேர்ந்ததா, எங்கள் கழித்தலில் நேர்ந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது.