போட்டோவில் தெரியாத பிரெஞ்சுக்காரன்

பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு துண்டுத்தாள் ஒட்டுவதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும். நம் ஊரில் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை, கேட்பாரில்லாமல் எந்தச் சுவரிலும் ஏறிவிடும். இங்கே ரொட்டிக் கடைக்கார அம்மாவிடம் பல நாள் ‘போன்ழூர்’ சொல்லிப் பழகிய பிறகுதான் கடைக் கண்ணாடியில் எனக்கு ஓர் ஓரம் கிடைத்தது. புதுச்சேரியில் தங்க அறைகள், வீட்டுச் சாப்பாடு என்று பிரெஞ்சில் எழுதி, கீழே என் தங்கையின் இணையதள முகவரியைப் போட்டிருந்தேன். அந்தம்மா அதைப் படித்துவிட்டு, அழகான ஊரா, நீங்கள் போயிருக்கிறீர்களா என்று கேட்டார். அது நான் பிறந்த வீடு என்றேன். அப்படியானால் உங்களுக்குத் தள்ளுபடி உண்டா என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் அப்பா மில் வேலையில் இருந்தபோது கட்டிய வீடு அது. அப்பாவுக்குப் பிறகு தங்கை செல்வி அங்கே இருந்தாள். அவள் கணவரும் மில்லுக்குத்தான் போனார். மில் படுத்ததும் வீட்டை பேங்கில் வைத்து, மாடியில் இரண்டு அறை எழுப்பி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாம் என்று இறங்கினார்கள். ஆள் வராவிட்டால் வீடு பேங்குக்குப் போய்விடும். கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்தாலே போதும், தேடி வருவார்கள். முத்தியால்பேட்டைச் சந்துக்கு யார் வருவார்கள்? நானோ மனைவி வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கி, இங்கே ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். விளம்பரத்துக்குக் கொட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தது பிரெஞ்சு மட்டும்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் தளத்தை அமைத்தேன். ஓசி என்பதால் எங்கள் வீட்டுப் படத்துக்கு மேலே யாரோ உடலை மெலியவைக்கும் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயரே முதல் தொல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘பொந்திஷெரி’ என்று ஒரு ஆர் போட்டுத் தேடுவார்கள், ஆங்கிலத்தில் இரண்டு ஆர். இதற்கிடையில் அரசாங்கம் பெயரையே புதுச்சேரி என்று மாற்றிவிட்டது. ஒன்றைப் போட்டால் மற்றதில் தேடுகிறவன் கண்ணில் படமாட்டோம் என்று மூன்றையும் பக்கத்தின் அடியில் அடுக்கிவைத்தேன். பயணிகள் கேள்வி கேட்கும் தளங்களில் உட்கார்ந்து, ஆரோவில்லுக்கு எந்த பஸ், எந்த மாதம் மழை என்று எழுதி, கடைசியில் நம் முகவரியைச் சொருகுவேன். இது விளம்பரம் என்று அழித்துவிடுவார்கள். மறுபடி எழுதுவேன். மானம் பார்த்தால் வீடு தங்காது.

லீவில் ஊருக்குப் போனபோது தளத்துக்குப் புதிதாகப் போட்டோ எடுத்தோம். செல்வி மாடியில் பிரம்பு நாற்காலி போட்டு, தலைவாழை இலையில் இட்லி, வடை, இரண்டு சட்னி எல்லாம் வைத்தாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள்.

“இதுல விருந்தாளி யாராச்சும் ஒக்காரணும்ண்ணா. பிரெஞ்சுக்காரங்க.”

“நான் யாராம்?”

“நீ பிரெஞ்சுக்காரன்தான்ண்ணா, யாரு இல்லன்னா? ஆனா போட்டோல தெரியாதே.”

அவள் சொன்னதில் குத்தல் இல்லை. வியாபாரம் சொன்னாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கடற்கரைச் சாலைக்குப் போய், கையில் பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகத்தோடு தனியாகத் திரிந்த ஒரு வெள்ளைக்காரரைச் சாப்பிட அழைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார், நான் பிரெஞ்சில் பேசினேன். நன்றாகப் பேசுகிறீர்களே, இங்கே கைடாக இருக்கிறீர்களா என்றார். இல்லை, உங்களிடம் உள்ள பாஸ்போர்ட்தான் என்னிடமும் என்றேன். நல்ல ஜோக் கேட்டது போலச் சிரித்தார். என் நாற்காலியில் அவர் உட்கார, நான் போட்டோ எடுத்தேன்.

அந்தப் படம் ஏறிய பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் எழுதிய எழுத்தெல்லாம் செய்யாததை, அந்த மனிதர் இட்லியைக் கரண்டியால் வெட்டும் ஒரு படம் செய்தது. கடன் அடைந்தது, வீடு மிஞ்சியது. அந்த வருடம் அப்பாவின் திவசத்துக்கு வருகிறேன் என்று செல்விக்குப் போன் செய்தேன்.

“அந்த வாரம் ரெண்டு ரூமும் ஃபுல்லுண்ணா. கீழ நாங்களே இடிச்சிக்கிட்டுதான் படுக்கறோம். இங்கயே கதிர்காமத்துல இவரு சித்தப்பா வூட்ல சொல்லி வைக்கட்டா? நீ முன்னாடியே சைட்ல புக் பண்ணியிருக்கலாம்ல.”

வீடு காப்பாற்றப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் பெற்ற அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட அடுத்தவர் வீட்டில் குளித்துவிட்டுப் போனேன். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அதற்கடுத்த வருடம் முந்திக்கொண்டேன். தளத்தைத் திறந்து பெயரும் தேதியும் நிரப்பி, நாடு பிரான்ஸ் என்று போட்டேன். மறுநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து செல்வியின் பதில் வந்தது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்படியே அனுப்பிவிடு என்று நான் எழுதிக்கொடுத்திருந்த வரிகளைத்தான், பெயரைக்கூடப் பார்க்காமல் எனக்கும் அனுப்பியிருந்தாள். ‘அன்புள்ள அயல்நாட்டு நண்பரே, உங்களுக்காக அறை ஒதுக்கப்பட்டுள்ளது. தங்கியிருக்கும் நாள்வரை இதை உங்கள் சொந்த வீடாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.’ அதில் ஒரு பிரெஞ்சு எழுத்தின் தலையில் போடவேண்டிய குறி விட்டுப்போயிருந்தது. அடுத்து வருகிறவர்களுக்காவது பிழையில்லாமல் போகட்டும் என்று திருத்தி, அவளுக்கே திருப்பி அனுப்பினேன்.