மற்றப் பக்கக் காற்று

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து பல மாதங்களாகியும் கொழும்புக் கடலைப் பார்த்ததில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் நேரே நடந்தால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். இரவில் அலைச்சத்தம் அறைக்குள்ளேயே கேட்கும். ஆனால் ஒழுங்கையின் அந்த முனையில் மணல் மூட்டைகளை அடுக்கி ஆமிக்காரர்கள் ஒரு காவலரண் போட்டிருந்தார்கள். சித்தியின் அடையாள அட்டையில், போர் நடக்கும் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு விலாசம் இருந்தது. அந்த விலாசத்தோடு காவலரணைக் கடப்பதைவிடக் கடலைப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, மத்திய கிழக்கில் வேலையில் இருந்தார். அவர் கூப்பிடும்வரை சித்தி எங்களோடு. சித்தி அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் நானும் அண்ணாவும் சிரிப்போம். யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகிய எங்கள் காதுக்கு அவருடைய 'புள்ள'யும் 'மனே'யும் வேடிக்கையாக இருந்தன. அப்பாவோடு அவர் நேரே ஒரு சொல்லும் பேசியதில்லை. தேத்தண்ணியைக்கூட என் கையில்தான் கொடுத்தனுப்புவார்.

அந்த மார்கழியில் ஒருநாள், வங்காள விரிகுடாவில் உண்டான தாழமுக்கம் சூறாவளியாகிக் கிழக்குக் கரையை நோக்கி நகர்கிறது என்று வானொலி சொன்னது. போர்ச் செய்திகள் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தத் தவணையில்தான் சூறாவளியைப் படித்திருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் சொதிக் கோப்பைக்குள் கரண்டியைச் சுழற்றியபடி எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். கடல் நன்றாகச் சூடாக வேண்டும். சூடான ஈரக்காற்று மேலே எழும்பும். அது விட்டுப்போன இடத்தை நிரப்பச் சுற்றிவர இருக்கிற காற்று ஓடிவரும். பூமி சுற்றுவதால் அது நேரே வராமல் வளைந்து சுழலும். மேலே போன ஈரம் மேகமாகும்போது வெப்பத்தை விடும். அந்த வெப்பம் இன்னும் காற்றை மேலே இழுக்கும். கீழே கடல் சூடாக இருக்கும்வரை அதற்குத் தீனி. தரையில் ஏறினால் தீனி நின்று சோர்ந்துவிடும். நடுவில் மட்டும் காற்றே இல்லாத ஒரு வட்டம் இருக்கும். அதுதான் கண்.

"கண்ணுக்குள்ள நிண்டா ஒண்டும் செய்யாது," என்று முடித்தேன்.

சித்தி சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "கண் போனாப் பிறகு என்ன வரும் எண்டு உங்கட டீச்சர் சொன்னவவா, புள்ள?"

டீச்சர் சொல்லியிருக்கவில்லை. அது பரீட்சைக்கு வராது என்றேன். அம்மா அவசரமாகச் சித்தியின் கோப்பையில் கறியைப் போட்டார். சித்தியின் அம்மாவும் தம்பியும் மட்டக்களப்பில், கடலுக்குக் கிட்டத்தான் இருந்தார்கள். அங்கே தொலைபேசி செத்துப் பல நாளாகியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. விடியும்போதே கொழும்பிலும் காற்றுத் தொடங்கிவிட்டது. மழை செங்குத்தாகப் பெய்யாமல் படுக்கையாகப் பறந்தது. அலை ரயில் பாதையின் மேல் ஏறி விழுந்ததாக யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். பின்வீட்டுத் தகரம் ஒன்று கழன்று மின்கம்பியில் போய்த் தொங்கியது. முன்வீட்டுக் கொட்டம்பா மரம் முறிந்து ஒழுங்கைக்குக் குறுக்கே விழுந்தபோது எங்கள் சுவர் அதிர்ந்தது. சித்தி ஒவ்வொரு யன்னலாகப் போய்க் கொளுக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானமளவில் காற்று திடீரென்று நின்றுவிட்டது. ஒழுங்கை முழுவதும் வெளியே வந்தது. பிள்ளைகள் கொட்டம்பாக் காய் பொறுக்கினார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், முன்வீட்டுச் சிங்கள ஆன்ரியோடு சேர்ந்து ஒரு பெரிய கிளையை இழுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் சித்தி ஓடினார். கிணற்றடிக்குப் போனாலும் அடையாள அட்டையைக் கைக்குள் வைத்திருக்கிறவர், வெறுங்கையோடு, வெறுங்காலோடு, கேற்றைத் தள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினார்.

"அத்தான், உள்ள வாங்க! இன்னும் முடியல்ல! மற்றப் பக்கத்தால வரும்!"

அப்பா கிளையை விட்டுவிட்டுத் திகைத்துப்போய் நின்றார். "இல்லைப் பிள்ளை. கண் போறது அங்கால, மட்டக்களப்புப் பக்கத்தால. இஞ்ச வந்தது அதின்ர ஓரம் மட்டும்தான்."

மட்டக்களப்பு என்றதும் சித்தி இரண்டு கையாலும் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வாங்க அத்தான். வாங்க!" ஒழுங்கையே பார்த்துச் சிரித்தது. சத்தம் கேட்டுக் காவலரணிலிருந்து துவக்கோடு ஒருவன் வந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டபடி சித்தியை மேலும் கீழும் பார்த்தான். அம்மா வாசலில் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

ஆன்ரி இடையில் வந்து நின்றார். "முகுத் நே மல்லி. எயா ஹுளங்கட்ட பயய்." ஒன்றுமில்லைத் தம்பி, அவளுக்குக் காற்றென்றால் பயம் என்று அர்த்தம்.

அவன் வானத்தைப் பார்த்தான். பிறகு சித்தியின் சேறான கால்களைப் பார்த்தான். அண்ணாவைவிட நாலைந்து வயது கூடியிருப்பான், அவ்வளவுதான். சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அப்பா சித்தியோடு உள்ளே வந்தார். சித்தி கதவைப் பூட்டி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருந்துவிட்டார். அப்பா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, ஈரச் சாரத்தைக்கூட மாற்றாமல் பக்கத்தில் இருந்தார். வெளியே வெயில் எறித்தது. யாரோ மரத்தை வெட்டும் சத்தம் கேட்டது.

"இப்ப போகலாமோ பிள்ளை?" என்று அப்பா கேட்பார்.

"இன்னும் கொஞ்சம், அத்தான்."

"சரி." பழைய பேப்பரை எடுத்து மறுபடி விரிப்பார். அண்ணா சிரித்தான், அப்பா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். பின்னேரம் சித்தி தானாக எழுந்து கதவைத் திறக்கும்வரை அப்பா அந்தக் கதிரையை விட்டு அசையவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்த மீன் லொறிக்காரர் ஒருவர் சில நாள் கழித்துச் சேதி கொண்டுவந்தார். கூரை போய்விட்டது, கிணற்றுக்குள் உப்புத்தண்ணீர், ஆனால் தாயும் மகனும் உயிரோடு. சித்தி அன்றைக்குத்தான் அழுதார்.

அவர் சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு அம்மா எனக்கு மீதியைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட ஒரு சூறாவளியில், கண் சித்தியின் ஊருக்கு மேலாலேயே போயிருக்கிறது. காற்று நின்று நட்சத்திரம்கூடத் தெரிந்ததாம். பக்கத்து வீட்டுச் சுவருக்குள் அகப்பட்டவர்களை இழுத்தெடுக்கச் சித்தியின் அப்பா போனார். "இந்தா வாறன், புள்ள," என்று வாசலில் விளக்கோடு நின்ற மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். காற்று எதிர்ப்பக்கத்தால் திரும்பி அடித்தது. தென்னை மரத்துக்கடியிலிருந்து அவரை விடிந்த பிறகுதான் எடுத்தார்களாம். சித்திக்கு அப்போது, அந்த மார்கழியில் எனக்கிருந்த வயது. இதெல்லாம் அப்பாவுக்கு, சித்திக்குக் கலியாணம் பேசிய நாளிலிருந்தே தெரியும்.

எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் ரகசியமாகச் சொன்னேன்: எங்கள் அப்பா சரியான பயந்தாங்கொள்ளி, வெயில் எறித்த பிறகும் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.