கருணையில் வந்தவள்

என் கணவர் சங்கராபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி. பிறகு அதே அலுவலகத்தில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கொடுத்தார்கள். ஆணையில் 'கருணை அடிப்படையில்' என்று இருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயரே அதுதான். புதிதாக வருகிறவர்களிடம், "அவங்க கருணைல வந்தவங்க" என்று என் காதுபடவே சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மெதுவாகத்தான் சொல்வார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் 'பாவம்' என்றார்கள். அந்தச் சொல் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பைக்கில் அடிபட்ட நாய்க்கும் சொல்கிறோம், சீரியலில் அழுகிற மருமகளுக்கும் சொல்கிறோம். சொல்லிவிட்டு எழுந்து போய் சாம்பாரைக் கிண்டலாம். எனக்கு ஆகாதது 'பரிதாபம்'. அது சொல்கிறவரிடம் தங்காது, யாரைப் பார்த்துச் சொல்கிறார்களோ அவர் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். "உன்னப் பாக்கவே பரிதாபமா இருக்குதும்மா" என்று ஒரு தூரத்து உறவுக்காரி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, கண்ணாடி முன்னால் நின்றால் தலை கலைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. பரிதாபமாக இருக்கிறேனா என்றுதான் பார்ப்பேன்.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, குடும்பத்தாருக்குத் தன் ஆழ்ந்த பச்சாதாபத்தைத் தெரிவிப்பதாகச் சொன்னார். அனுதாபம் என்றுதான் சொல்ல வந்திருப்பார். தான் செய்ததை நினைத்துத் தானே வருந்துவதல்லவா பச்சாதாபம்? ஆனால் அவரும் என் கணவரும் வெகு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்ததும் என்னைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். கவரில் முகவரி எழுதுவது, பசை தடவுவது, ஸ்டாம்பு ஒட்டுவது. ஒரு வருஷம் ஆயிற்று. எனக்குப் பின்னால் தேர்வு எழுதி வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சீட் கொடுத்தார்கள். சீட் என்றால் நாற்காலி இல்லை. ஒரு வேலையும் அதற்குரிய கோப்புகளும், ஏதாவது தவறினால் பதில் சொல்லும் பொறுப்பும் சேர்ந்ததுதான் சீட். எனக்கு அது வேண்டும். கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது.

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தத் தலவலி? இருக்கற கஷ்டம் போதாதா? நிம்மதியா ஒக்காந்து ஸ்டாம்பு ஒட்டிக்கினு இருங்க" என்றார்.

"நிம்மதியா இருக்க நான் வூட்லயே இருந்திருப்பனே சார்."

அவர் முகத்தைச் சாய்த்து உச்சுக்கொட்டினார். பக்கத்து மேசைகளிலும் இரண்டு மூன்று பேர் உச்சுக்கொட்டினார்கள். நான் பசை டப்பாவிடம் திரும்பிவிட்டேன்.

அந்த வாரம் மூங்கில்துறைப்பட்டுக்குப் போக வேண்டிய கவர் வெள்ளிமலைக்கும், வெள்ளிமலைக் கவர் மூங்கில்துறைப்பட்டுக்கும் போய்விட்டன. என் வேலைதான். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் இதே தவற்றைச் செய்தபோது, கண்காணிப்பாளர் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்களாம். என் விஷயத்தில் அவரே இரண்டு இடத்துக்கும் போன் போட்டுச் சரிசெய்துவிட்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இது எனக்குத் தெரிந்ததும் நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"வேற யாராச்சும் செஞ்சிருந்தா திட்டியிருப்பீங்க இல்ல?"

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

"அப்ப என்னையும் திட்டுங்க சார்."

அலுவலகமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "புருசன பறிகுடுத்தவங்கள திட்டி, அந்தப் பாவத்த வேற நான் சொமக்கணுமா? போங்கம்மா" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. இத்தனை நாளும் அவர் காத்துவந்தது என்னை இல்லை, தன்னை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஆண்டவரிடம் இரக்கம் கேட்டுப் பாடினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரக்கம் நல்ல சொல்தான். மனம் இரங்கினவர் அடுத்து எதையாவது செய்துவிடுவார். சாவு விழுந்த வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரி தினமும் என் மகளுக்கும் சேர்த்து டிபன் கட்டிக் கொடுத்தாள். அவள் வாயிலிருந்து ஒரு உச்சுகூட வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் எனக்கு இரக்கமும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தின் எல்லைக்குள் கல்வராயன் மலையும் வரும். வெள்ளிமலையில் மறுநாள் மனு முகாம் நடக்க இருந்தது, மலைக் கோப்புகளைப் பார்க்கும் சீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மனுக்களுக்கான பதில்களை யாராவது கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மழைக்காலம். கண்காணிப்பாளர் மேசை மேசையாகக் கேட்டார். ஒருவருக்கு மலை வளைவில் தலை சுற்றும், ஒருவருக்கு வீட்டில் விசேஷம். என் மேசை வந்தபோது என்னைத் தாண்டி அடுத்த மேசையைப் பார்த்தார். என் இடத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே அவர் கண்ணுக்குப் படவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பதில்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காவலாளியிடம் மட்டும் சொன்னேன். கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்தேன். எனக்கும்தான் வளைவில் தலை சுற்றியது, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். முகாமில் ஒரு பெரியவர் என் மேசையைத் தட்டி, "எத்தினி வாட்டிதான் அலையறது? இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க அங்க ஒக்காந்து?" என்று சண்டைக்கு வந்தார். என் கதை தெரியாதவர். அவர் காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மனசுக்கு நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

திரும்பும்போது பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அலுவலகம் பூட்டுகிற நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தேன். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கண்காணிப்பாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"யாரக் கேட்டுப் போனீங்க? மழை கொட்டுது, போனும் போவல. நாங்க இன்னான்னு நெனைக்கிறது? மண்டையில எதுனா இருக்குதா உங்களுக்கு? ஆபீசா, உங்க மாமியா வூடா இது?"

டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"பாவம் சார், விடுங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாவமாவது ஒண்ணாவது! காலைல மெமோ ரெடியா இருக்கணும். பதில் எழுதிக் குடுத்துட்டு சீட்ல ஒக்காரட்டும்."

மறுநாள் மெமோ வந்தது. முன் அனுமதியின்றி அலுவலகத்தை விட்டுச் சென்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். முகவரியில் என் பெயர், கீழே 'இளநிலை உதவியாளர்'. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், கருணை என்ற சொல் எங்கேயும் இல்லை. கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

என் கணவர் நிறைய மெமோ வாங்கினவர். டீசல் கணக்கு, தாமதம், வாய்த்துடுக்கு, ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுச் சோறு கேட்பார். அன்று சாயங்காலம் என்னுடையதை அதே காலண்டர் ஆணியில், அவருடையவற்றோடு சேர்த்துச் செருகினேன்.

"இன்னாம்மா அது?" என்றாள் மகள்.

"ஆபீஸ்ல திட்டிட்டாங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திட்டு வாங்கிக்கினு அப்பாவுக்கு மேல சிரிக்கிறியே" என்றாள். சோறு போட்டேன். இருவரும் சாப்பிட்டோம்.