நைனா சொன்ன ‘ரைட்’

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். ஆனால் எந்தப் பேச்சு முடிவதற்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்தாக வேண்டும். அந்த வார்த்தை ‘ரைட்’. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே துரை எந்தக் காகிதத்தைப் படித்து முடித்தாலும் ‘ரைட்’ என்று சொல்லித் தள்ளி வைப்பாராம். நைனா அதைக் குடையோடும் டிபன் டப்பாவோடும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

அப்போது நாங்கள் தியாகராய நகருக்குப் புதுசாகக் குடி வந்திருந்தோம். ஏரியை மேடாக்கிப் போட்ட மனைகள். இங்கொரு வீடு, அங்கொரு வீடு, நடுவில் முள்ளுச்செடி. மழை பெய்தால் போதும், எங்கள் ஏரியைத் திருப்பிக் கொடு என்று தவளைகள் ராத்திரி முழுக்கக் கத்தும். இன்றைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஜவுளிப் பைகளுக்கு நடுவே நசுங்கும்போதெல்லாம் அந்தத் தவளைகளை நினைத்துக்கொள்கிறேன். நிஜமாகவே ஏக்கமாக இருக்கிறது.

நைனாவிடம் எதைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ‘ரைட்’ என்றால் சம்மதம். அதற்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் பின்வாங்க மாட்டார். ‘பாக்கலாம்’ என்றால் கிடையாது. கூடத்தில் ஊஞ்சல் போடச் சொல்லிக் கேட்டேன். ‘பாக்கலாம்’ என்றார். அந்த வீட்டை விற்கிறவரை ஊஞ்சலை நாங்கள் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் என்ன? குழம்பில் புளி சரியாக இருந்தால் ‘ரைட்’. நான் பொய் சொல்லிவிட்டு முழித்தால், தலையை ஆட்டி இழுத்து ஒரு ‘ரைட்டு’. அதைக் கேட்டால் முதுகு சில்லிட்டுப் போகும். அத்தை மட்டும் அந்த வார்த்தையை வாயில் சேர்க்க மாட்டாள். நைனாவுக்கு அக்கா அவள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தால் ஒரு வாரம் தங்குவாள். “துரை துப்பினத நீ ஏண்டா தம்பி பொறுக்கிகினு வர்ற?” என்பாள். நைனா அதற்கும் ‘ரைட்’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

இந்த வார்த்தைக்கு உண்மையான முதலாளி பஸ் கண்டக்டர்தான். அந்தக் காலத்துப் பஸ் எல்லாம் தனியார் வண்டி. கூட்டம் சேர்கிற வரை நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைப் பட்டென்று தட்டி ‘ரைட்’ என்றால்தான் நகரும். அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளை ஏறினால், கூட வந்த ஆண் ஏறுகிற வரை அவர் ‘ரைட்’ சொல்ல மாட்டார். அது மரியாதையாம். ஒரு தடவை அம்மா மயிலாப்பூர் கோயிலுக்குத் தனியாகக் கிளம்பி ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்க, அம்மா கூச்சத்தில் இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டாள். சாமி அன்றைக்குத் தப்பித்தது.

மீன்காரம்மாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார். திரும்பிப் போகும்போது கூடையை மேலே ஏற்றிவிட்டு, உட்கார்ந்து, தகரத்தைத் தானே தட்டி, டிரைவரைப் பார்த்து “ரைட்டு, போ நைனா!” என்பார். வண்டி போய்விடும். எனக்கு அந்தம்மாவின் மேல் அப்படி ஒரு பொறாமை.

நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த வருஷம் அத்தை ஒரு தீர்மானத்தோடு வந்து இறங்கினாள். அவள் மகனுக்கு என்னைக் கட்டிவிட வேண்டும். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் படிக்க வேண்டும். கடற்கரையில் இருந்த பெண்கள் காலேஜில் எனக்காக எங்கள் தலைமையாசிரியை ஓர் இடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். குறித்த நாளில் நேரில் போய்ச் சேராவிட்டால் அது வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

நைனாவிடம் கேட்டேன். ‘பாக்கலாம்’ என்றார்.

அன்றைக்கு நான் அழுத அழுகையில் தலையணையைப் பிழிந்திருக்கலாம். மறுபடி கேட்டேன். மறுபடியும் ‘பாக்கலாம்’. அம்மா கேட்டாள், அவளுக்கும் அதே பதில். அத்தை கேட்டாள், கல்யாணத்தைப் பற்றி. அதற்கும் ‘பாக்கலாம்’ என்றுதான் சொன்னார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

குறித்த நாள் காலையில் அம்மா என் தலையை வாரிப் பின்னி, என் சர்ட்டிபிகேட்டை வைத்த ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்து, ஆபீசுக்குக் கிளம்பிய நைனாவின் பின்னால் என்னைத் தள்ளிவிட்டாள். “போற வழிதானே, காலேஜ எட்ட இருந்தாவது காட்டிட்டுப் போங்க” என்றாள். அத்தை கூடத்தில் நின்று முறைத்தாள். நைனா ரைட்டும் சொல்லவில்லை, பாக்கலாமும் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் வந்தது. நான் ஏறினேன். நைனா ஏறவில்லை.

கண்டக்டர் காத்திருந்தார். “இன்னா சார், ஏறலியா? வண்டி நின்னுகினு கீது பாரு.” நைனா கீழேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ உச்சுக் கொட்டினார்கள். இறங்கு என்று சொல்லப் போகிறார், அத்தை ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். மீன்காரம்மா மாதிரி நானே தகரத்தைத் தட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கை எழும்பவில்லை. அப்படிப்பட்ட தைரியம் எனக்கு ஏது?

நைனா குடையை மடக்கினார். அதன் கைப்பிடியால் பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ரைட்” என்றார், கண்டக்டரிடம்.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் டிரைவர் காதில் விழுந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டது. நான் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தேன். நைனா அங்கேயே நின்றுகொண்டிருந்தார், குடையை விரிக்கக்கூட மறந்து. ஆபீசுக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாத மனிதர் அன்றைக்கு அடுத்த பஸ் வருகிற வரை அந்த வெயிலில் நின்றிருக்கிறார். மயிலாப்பூர்க் குளம் வருகிற வரை நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனேன். சந்தோஷத்தில் அழுததென்றால் அது ஒன்றுதான்.

நான் காலேஜில் சேர்ந்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அத்தை நைனாவை உலுக்கி எடுத்தாள். “வயசுப் பொண்ண ஒண்டியா ஏத்தி விட்டுட்டு வந்தியாமே! கூடப் போயிருக்கக் கூடாது?”

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “இன்னிக்கு நான் கூடப் போனா நாளைக்கும் போவணும்க்கா. அது எத்தினி வருசம் படிக்கணும்! தனியா போய்ப் பழகட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடினாள். அந்தத் தடவை வாரம் முடிவதற்கு முன்பே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் மட்டும் போனேன். அதே பஸ், அதே கண்டக்டர். ஏறி உட்கார்ந்தேன். அவர் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெருவை எட்டிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தகரத்தைத் தட்டினேன்.

“யாரும் வரல. ரைட்” என்றேன்.

வண்டி கிளம்பியது.