பட்டி அடைத்த மூலை

மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில், புதிதாக வந்த இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பழைய புல்வெளி கம்பி வேலிக்குள் மிச்சமிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது வெறுங்காணி. அதில் கோழி வளர்க்கலாமே என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். நகரின் மறுபக்கத்து டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி அலுத்த பிறகு, அந்தப் புல்வெளியைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முழங்காலில் நின்று பூ எண்ணுபவர். புல் உயர்ந்து அடர்ந்தால் அதன் அடியில் இருக்கும், இந்த நாட்டுக்கே உரிய சிறு பூச்செடிகள் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். முன்பு நெருப்பு வைத்துப் புல்லை அடக்கினார்களாம். வீடுகள் வந்தபின் அது முடியாது. அதனால் கோடை முடிவில் பக்கத்துப் பண்ணைக்காரரின் செம்மறிகள் வந்து மேயும். பொழுது சாய்ந்ததும் அவற்றைப் பண்ணைக்காரரின் நிலத்துக்கே திருப்பி ஓட்டிவிட வேண்டும். புல்வெளிக்குள் ஓர் இரவும் படுக்க விடக்கூடாது.

இந்தக் கடைசி விதி எனக்கு விசர்க்கதையாகப் பட்டது. நான் இலங்கையில், வன்னியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அறுவடை முடிந்ததும் ஆடுகளை இரவில் வயலிலேயே பட்டி அடைக்கச் சொல்லி ஆட்டுக்காரரிடம் முறை கேட்டுக் காத்திருப்போம். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பார்கள். செம்மறி படுத்தெழும்பிய மண்ணுக்கு வேறு பசளை வேண்டாம். இங்கே என்னவென்றால் அத்தனை எருவும் வேலிக்கு வெளியே போகிறது. இவர்களுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அதை எழுத இப்போது கூசுகிறது.

வடக்கு மூலையில் சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூப் பூக்கும் செடிகள் இருந்தன. புல்வெளியில் வேறெங்கும் அவை இல்லை. மேலதிகாரிக்கு அவை பிள்ளைகள் மாதிரி. எனக்கோ அவற்றைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கல் துருத்திய மண், ஒல்லித் தண்டு, வாடினது போன்ற இலை. ஓர் ஏப்ரலில், இங்கே கோடை முடிந்து செம்மறிகள் மேய வந்திருந்த நேரம், அவர் தாயாருக்குச் சுகமில்லை என்று இரண்டு வாரம் லீவு எடுத்தார். போகும்போது, அந்த மூலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பார்த்துக்கொண்டேன். மந்தையை மறிக்கும் கரண்ட் வலையை அந்த மூலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பத்து நாள், பொழுதுபடும்போதெல்லாம் செம்மறிகளை அதற்குள் அடைத்தேன். செடிகள் அடங்கிக் கிடக்கும் காலம், மிதிபட்டாலும் தளிர்க்கும் என்பது என் கணக்கு. பண்ணைக்காரர் தன் நிலத்துப் பக்கம் எப்போதாவது பகலில்தான் வருவார். அவருக்கும் தெரியாது. மேலதிகாரி லீவு முடிந்து வருவதற்கு முன் வலையை அவிழ்த்துவிட்டேன். அடுத்த மழைக்கு மூலை பச்சைப்பசேலென்று எழும்பியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்தேன்.

பழமொழி பொய்க்கவில்லை. அந்த வருடமே எரு வேலை செய்தது. இங்கே வசந்தம் தொடங்கி, மேலதிகாரி பூ எண்ண வரும் செப்டம்பரில் அந்த மூலையில் முட்செடியும் வெளிநாட்டுப் புல்லும் இடுப்பளவு நின்றன. விலக்கிப் பார்த்தேன். பொத்தான் பூச்செடிகள் அடியில் வெளிறி, நீண்டு, அழுகிக் கிடந்தன.

மேலதிகாரி வந்து முழங்காலில் நின்று களைகளைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு, பண்ணைக்காரர் செம்மறிகளுக்குக் களை விதை கலந்த வைக்கோல் போட்டிருக்கிறார், அந்த விதைதான் புழுக்கையோடு இங்கே வந்து விழுந்திருக்கிறது என்றார். இனி அவருடைய மந்தை வேண்டாம் என்று எழுதப் போவதாகவும் சொன்னார். வேறு மந்தை அக்கம்பக்கத்தில் இல்லை. செம்மறி வராவிட்டால் முழுப் புல்வெளியும் இந்த மூலையைப் போலாகிவிடும்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். “பூவுக்குப் பசளை போட்டது ஒரு குற்றமே?” என்றாள் மனைவி. “ஆருக்கும் தெரியாது தானே. பேசாமல் இருங்கோ. இந்த வேலையும் போனால் என்ன செய்யிறது?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள், பண்ணைக்காரருக்கான கடிதத்தை மேலதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த மூலைக்கே அவரை அழைத்துப்போய்ச் சொன்னேன்.

“எத்தனை நாள்?” என்று கேட்டார்.

“பத்து.”

“ஏன்?”

“மெலிந்து கிடந்தன. நன்றாக வரட்டும் என்று...”

“அவை நன்றாகத்தான் இருந்தன” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பேராசை பிடித்த களை பிழைக்க முடியாத சத்தற்ற மண் என்பதால்தான் அந்தப் பூ அங்கே பிழைத்திருந்தது என்பதை மெல்லச் சொன்னார். நான் கொடுத்த சாப்பாட்டை அதன் எதிரிகள் சாப்பிட்டுவிட்டன. கடிதத்தைக் கிழித்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தவுமில்லை.

ஒரே வழி மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பது. மண்வெட்டியை நானே கேட்டு வாங்கினேன். கறுத்து, பொலபொலவென்று, புழு நெளியும் மண். எங்கள் ஊரில் என்றால் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதை டிரக்கில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினேன். அடியில் கல்மண் தெரிந்ததும், மேலதிகாரி முன்பு சேர்த்து வைத்திருந்த அந்தப் பூவின் விதையைத் தூவினார்.

இரண்டு வசந்தம் பார்த்தோம். ஒரு முளைகூட இல்லை. இந்த வருடம் அவர் பதிவுப் படிவத்தை எடுத்து, அந்தச் செடிக்கு நேரே ‘அழிந்தது’ என்று எழுதினார். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘எரு’ என்று எழுதினார். என் பெயரை எழுதுங்கள் என்றேன். அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, செம்மறிகளை ஓட்டும் நேரமாகிவிட்டது என்றார்.